கல்லுக்கு எதற்குத் தங்கச் சிமிழ்? கோவா கற்களும் அவற்றின் விலைக் கணக்கும்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தங்கத்தால் ஆன ஓர் உருண்டைச் சிமிழ் இருக்கிறது. இரண்டு அரைக்கோளங்கள் வாயோடு வாய் பொருந்தி மூடிக்கொள்ளும். வார்ப்பில் எடுத்த கால்கள், மேலே குமிழ். மேற்பரப்பு முழுக்கத் துளைவேலை. கொடிகளும் இலைகளும் பின்னிப் படர, அவற்றின் மேல் வளைகோட்டுக் கட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு விலங்கு. ஒற்றைக்கொம்புக் குதிரை உண்டு, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் உண்டு. காலம் 17ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இடம் இந்தியா, அநேகமாக கோவா.

திறந்தால் உள்ளே வைரமோ மாணிக்கமோ இல்லை. பார்வைக்குச் சாதாரணமான ஓர் உருண்டைதான் இருக்கிறது. பெயர் ‘கோவா கல்’.

இந்தச் சிமிழின் படத்தைப் பார்ப்பவர்களுக்கு வரிசையாகச் சந்தேகங்கள் வருகின்றன. இது என்ன கல், இதை எப்படி மருந்தாகச் சாப்பிட்டார்கள், இதற்கு இவ்வளவு தங்கம் எதற்கு? இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி, இரண்டு மூன்று வேறு வேறு பொருள்களைப் போட்டுக் குழப்புகின்றன. அதனால் அடியிலிருந்து ஆரம்பிப்பதே நல்லது.

## எந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறோம்?

1. பெசோவார். இது இயற்கையானது. ஆடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் விதையோ, வைக்கோல் துணுக்கோ, மயிர்ச் சுருளோ செரிக்காமல் தங்கிவிடும். அதைச் சுற்றிக் கால்சியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் படலம் படலமாகப் படியும். வெளியே வழவழப்பு, அறுத்துப் பார்த்தால் வளையங்கள். பாரசீகத்தின் காட்டு ஆட்டிடமிருந்து கிடைத்தது உயர்ந்த சரக்கு என்று பெயர் பெற்றது.

2. முள்ளம்பன்றிக் கல். மலாக்கா பக்கத்திலிருந்து வந்தது. அரிது என்பதால் விலை எக்கச்சக்கம். தங்கக் கம்பிவேலைக் கூட்டுக்குள் இதை அடைத்து, சங்கிலியில் தொங்கவிட்டுத் தண்ணீரிலோ ஒயினிலோ சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து, அந்த நீரைக் குடிப்பார்கள்.

3. கோவா கல். பெயரில்தான் கல். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோவாவில் இருந்த இயேசு சபைத் துறவிகள் தங்கள் மருந்தகத்தில் பிசைந்து, உருட்டி, காயவைத்து, மெருகேற்றிய மாத்திரை இது. மாத்திரை என்றால் நெல்லிக்காய் அளவிலிருந்து கைப்பிடி அளவு வரைக்கும்.

தமிழர்களுக்கு விலங்கின் உடம்பில் விளையும் கல் ஒன்றும் புதிதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கோரோசனை கேட்டு வாங்குகிறோமே, அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்தான். முத்தையும் பவளத்தையும் பற்பமாக்கிக் கொடுப்பது சித்த மருத்துவத்தில் வழக்கம். வசம்பையும் மாசிக்காயையும் ஜாதிக்காயையும் கல்லில் இழைத்துக் குழந்தைக்கு நாக்கில் தடவும் உரைமருந்தை நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரியும். கோவா கல்லைச் சாப்பிட்ட விதமும் ஏறக்குறைய இதுவே. கத்தியால் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளைத் தண்ணீரிலோ தேநீரிலோ ஒயினிலோ கலந்து குடித்தார்கள். ஒரே கல் பல வருடங்களுக்கு வந்தது.

## இவ்வளவு கிராக்கி எதனால்?

விஷ பயம்தான் காரணம். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனைகளில் சாப்பாட்டில் யாராவது எதையாவது கலந்துவிடுவார்களோ என்ற அச்சம் நிரந்தரமாக இருந்தது. அரசியல் எதிரிகளுக்குக் குறைவில்லை. எந்த விஷம் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. திடீரென்று ஒருவர் வயிற்றுவலியில் இறந்தால் அது நோயா நஞ்சா என்று சொல்ல வழியில்லை. இந்தச் சூழ்நிலையில் ‘எல்லா விஷத்தையும் முறிக்கும் கல்’ என்று ஒன்று வந்தால், அரசர்கள் கைநீட்டாமல் இருப்பார்களா? புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக யான் வெர்மெய்யன் என்ற பொற்கொல்லர் 1600 வாக்கில் ஒரு பெசோவாரையே கிண்ணமாக்கித் தங்கத்தில் பதித்துக் கொடுத்தார். அது இன்றும் வியன்னாவில் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவரும் உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே தானே எழுதி வைத்த சம்பவம் இது. மன்னர் ஒன்பதாம் சார்லஸுக்கு ஒரு பெசோவார் பரிசாக வந்தது. எல்லா விஷத்துக்கும் ஒரே மாற்று உண்டா என்று மன்னர் கேட்டார். இருக்க முடியாது, ஒவ்வொரு விஷமும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது என்றார் பாரே. அப்படியென்றால் சோதித்துவிடலாம் என்று முடிவானது. எஜமானரின் இரண்டு வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற சமையல்காரர் ஒருவர் சிறையில் இருந்தார். விஷத்தைக் குடி, உடனே இந்தக் கல்லைத் தருகிறோம், பிழைத்தால் உனக்கு விடுதலை என்றார்கள். அவர் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். கொடுத்தது பாதரச நஞ்சு. ஒரு மணி நேரம் கழித்துப் பாரே போய்ப் பார்த்தபோது, அந்த மனிதர் நாக்கைத் தொங்கவிட்டு, கண்கள் சிவந்து, மிருகம் மாதிரி நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். காது, மூக்கு, வாய் வழியே ரத்தம். ஏழு மணி நேரம் போல் துடித்து இறந்தார். கல்லை நெருப்பில் போடச் சொன்னார் மன்னர்.

1560களில் நடந்த சம்பவம் இது. பாரே அதை அச்சிலும் வெளியிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் படுக்கவில்லை. ஒரு சமையல்காரரின் சாவுக்கு ‘அந்தக் கல் போலியாக இருந்திருக்கும்’ என்ற ஒரே வரி பதில் போதுமானதாக இருந்தது. இந்தப் பதில்தான் நம்மைத் தங்கச் சிமிழ் வரை கொண்டுவந்து விடுகிறது.

## அசலா, போலியா?

விலை ஏறியதும் போலிகள் வந்தன. பிசின், சுண்ணாம்பு, மண் எல்லாம் சேர்த்து உருட்டி விற்றார்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பது அன்றைய சோதனைகளில் ஒன்று. இறங்கினால் பிசின், இறங்காவிட்டால் அசல். ஆனால் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிய கல்லில் சூட்டுக்கோல் வைப்பார்கள்?

1603இல் இங்கிலாந்தில் இது நீதிமன்றத்துக்கே போனது. லோபஸ் என்பவர் சாண்ட்லர் என்ற பொற்கொல்லரிடம் 100 பவுண்டு கொடுத்து ஒரு கல் வாங்கினார். சாண்ட்லர் அதைப் பெசோவார் என்று சொல்லி விற்றார். அது பெசோவார் இல்லை என்பது வாங்கியவரின் புகார். நீதிமன்றம் தந்த பதில் வாங்கியவருக்குச் சாதகமாக இல்லை. ‘இது பெசோவார்’ என்று வாயால் சொன்னால் போதாது, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று உறுதி கொடுத்திருந்தால்தான் வழக்கு நிற்கும் என்றது. வாங்குபவரே ஏமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வணிகச் சட்டக் கொள்கைக்கு இன்றும் சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

விற்றவர் பொற்கொல்லர் என்பதைக் கவனியுங்கள். மருந்துக் கடைக்காரர் அல்ல. ஐரோப்பாவில் இந்தக் கல் ஆரம்பத்திலிருந்தே தங்க வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வளர்ந்தது.

## காஸ்பர் அந்தோனியோவின் உருண்டை

இயற்கைக் கல் அரிது, போலி மலிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தை இருப்பதைக் கண்டுகொண்டவர் கோவாவில் இருந்த காஸ்பர் அந்தோனியோ. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் ஊர்க்காரர், இயேசு சபையில் குருப்பட்டம் பெறாத சகோதரர், மருத்துவம் பார்த்தவர். கோவா கல்லை உருவாக்கியவர் என்று அவர் காலத்தவர்களே அவரைச் சொல்கிறார்கள்.

கலவையில் பெசோவார் தூளே ஒரு சரக்கு. அதோடு கஸ்தூரி, அம்பர் (திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள்), பிசின், களிமண், அரைத்த சிப்பி, முத்து. வசதிக்கேற்ப மாணிக்கம், மரகதம், புஷ்பராகம் போன்றவற்றின் பொடி. எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருட்டி, தங்க ரேக்கை ஒட்டி மெருகேற்றுவார்கள். காய்ச்சல், விஷக்கடி, மனச்சோர்வு, இதயப் பலவீனம் என்று எதற்கும் கொடுத்தார்கள்.

1670களில் கோவாவுக்குப் போன ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர், புனித ரோக் மடத்தின் நூலகத்தையும் மருத்துவமனையையும் நன்றாகச் சரக்கு நிரம்பிய மருந்தகத்தையும் பார்த்து எழுதியிருக்கிறார். காஸ்பர் அந்தோனியோ அப்போது கிழவர், கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆனாலும் அவருடைய கண்டுபிடிப்பு சபைக்கு ஆண்டுக்கு 50,000 ஷெராஃபின் கொண்டுவருகிறது என்கிறார் ஃபிரையர். ஷெராஃபின் என்பது கோவாவில் புழங்கிய வெள்ளி நாணயம்.

அடுத்த சாட்சி இன்னும் சுவாரசியம். 1711இல் சார்லஸ் லாக்கியர் என்ற ஆங்கில வணிகர் இந்தியாவின் வாணிபம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். கோவா கற்கள் கால் அவுன்ஸிலிருந்து 8 அவுன்ஸ் வரை இருக்கும், பெரிதோ சிறிதோ எடைக்கு ஒரே விலை, நாங்கள் 11 அவுன்ஸை 20 ரூபாய்க்கு வாங்கினோம், இதற்கும் போலிகள் நிறைய, ஆனால் அசலைப் பார்த்துப் பழகியவர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார் என்கிறார். கடைசியில் ஒரு தகவல்: கோவா கல்லுக்கு மிக நெருங்கி வருவது புனித ஜார்ஜ் கோட்டையில் கிடைக்கும் ‘மனூச்சின் கற்கள்’.

அந்த மனூச், முகலாய அரசவையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து நிக்கோலாவோ மனுச்சிதான். பீரங்கிக்காரராகத் தொடங்கி, மருத்துவராக மாறி, 1686 முதல் சென்னையில் வாழ்ந்தவர். முறையாக மருத்துவம் படித்தவரில்லை. கோவா மருந்தகத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு போட்டிக் கம்பெனி என்றே சொல்லலாம், ஆள் கெட்டிக்காரர்தான்.

## எடைக்கு எடை தங்கமா?

கோவா கல்லைப் பற்றிப் பேசும் பல குறிப்புகள், அது எடைக்கு எடை தங்கத்தைவிட விலை உயர்ந்தது என்கின்றன. லாக்கியர் கொடுத்த விலையை வைத்து இதைச் சரிபார்க்கலாம்.

1. 11 அவுன்ஸ் என்பது சுமார் 312 கிராம்.

2. அன்றைய ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறத்தாழ 11.5 கிராம் வெள்ளி. 20 ரூபாய் என்றால் சுமார் 230 கிராம் வெள்ளி.

3. அதாவது 312 கிராம் கல்லுக்கு 230 கிராம் வெள்ளி. எடைக்கு எடை தங்கம் கிடக்கட்டும், வெள்ளி விலைகூட இல்லை.

4. அக்காலத்தில் தங்கம் வெள்ளியைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு விலை. ஆகவே கல்லின் விலை, அதே எடைத் தங்கத்தின் விலையில் இருபதில் ஒரு பங்கு.

ஒரு வணிகர் உற்பத்தி செய்யும் ஊருக்கு அருகில் மொத்தமாக வாங்கிய விலை இது. லண்டனுக்கும் லிஸ்பனுக்கும் போய்ச் சேரும்போது பல மடங்கு ஏறியிருக்கும். ஆனாலும் மாணிக்கத்தையும் மரகதத்தையும் அரைத்துப் போட்ட மருந்து இந்த விலைக்குக் கட்டுப்படியாகுமா? சாதாரணச் சரக்கில் நவரத்தினங்களின் பங்கு சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருந்திருக்காது என்பதே என் கணிப்பு. களிமண்ணும் சிப்பியும்தான் எடையைக் கொடுத்திருக்கும்.

ஃபிரையர் சொன்ன வருமானத்தையும் லாக்கியர் சொன்ன விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருந்தாலும், அவ்வளவு பணம் இந்த விலையில் வர வேண்டுமானால் கற்கள் குவியல் குவியலாக விற்றிருக்க வேண்டும். கோவா கல் அரசர்களுக்கு மட்டுமான அபூர்வப் பொருளாக இருக்கவில்லை. கப்பல் மாலுமியும் வியாபாரியும் வாங்கிய சந்தைச் சரக்கு அது. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில உருண்டைகளுக்குத்தான் தங்கச் சிமிழ் வாய்த்தது.

## அப்படியானால் சிமிழின் வேலை என்ன?

மலிவான உருண்டைக்கு அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கூடு. மருந்துப் பெட்டி என்று மட்டும் பார்த்தால் இது அர்த்தமில்லாத செலவு. ஆனால் கல்லில் எது குறையோ, அதைச் சிமிழ் ஈடுகட்டுகிறது.

முதலாவது, நம்பகம். கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. தங்கத்தில் அப்படி ஏமாற்ற முடியாது; உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் மாற்று தெரிந்துவிடும். சோதிக்க முடியாத பொருளைச் சோதிக்கக்கூடிய பொருளுக்குள் வைத்துக் கொடுக்கும்போது, வெளியே உள்ளதன் மதிப்பு உள்ளே இருப்பதற்கும் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு தங்கத்தைப் போலிக் கல்லுக்கு யார் செலவழிப்பார்கள் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். லண்டன் வழக்கில் விற்றவர் கொடுக்காத ‘உறுதி’யை இங்கே பொற்கொல்லர் வேலைப்பாடாகக் கொடுத்துவிடுகிறார்.

இரண்டாவது, அந்தத் துளைகள். மருந்தைக் காற்றுப்படாமல் மூடிவைப்பதுதானே முறை? இங்கே சுற்றிலும் ஓட்டை. காரணம் கஸ்தூரியும் அம்பரும்தான். கல் மூடிய சிமிழுக்குள் இருந்தபடியே மணக்க வேண்டும். கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்று நம்பிய காலத்தில், படுக்கையருகே வைத்த ஒரு வாசனை உருண்டையே பாதி மருத்துவம். துளை வழியே கல்லின் தங்கப்பூச்சும் தெரியும். காட்டியும் காட்டாமலும் வைக்கும் இந்த உத்தியைக் கத்தோலிக்கத் திருப்பண்டப் பேழைகளில் பார்க்கலாம். புனிதரின் எலும்பை அப்படித்தான் வைப்பார்கள். கோவாவில் பாம் ஜேசு பேராலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இருக்கும் வெள்ளிப் பேழை, 1636–37இல் அந்த ஊர்க் கொல்லர்களே செய்தது. நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய அதே சவேரியார். கல்லைச் செய்த சபையும் பேழையைச் செய்வித்த சபையும் ஒன்றுதான். மருந்துக் கல்லுக்குப் பேழை செய்யும் எண்ணம் எங்கிருந்தோ குதிக்கவில்லை.

மூன்றாவது, பரிசு. சபையின் பெயரில் ஒரு பிரபுவுக்கோ ஆளுநருக்கோ கொடுக்க வெறும் உருண்டை போதாது. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

## எந்தக் கை செய்தது?

மெட்ரோபாலிட்டன் சிமிழில் கொல்லரின் பெயர் இல்லை. வேலையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கொடிப்பின்னல் முகலாய, தக்காணக் கட்டடங்களின் ஜாலி எனப்படும் கல் சல்லடை வேலையோடு உறவுடையது. ஒற்றைக்கொம்பு விலங்கும் கிரிஃபினும் ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களிலிருந்து வந்தவை. தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைத்து, முன்பக்கம் சிற்றுளியால் கோடு தீட்டி, வேண்டாத இடத்தை அறுத்து எடுக்கும் முறை நம் தட்டார்களுக்குக் கைவந்த கலை. கோவாவின் பொற்கொல்லர்களில் இந்துக்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; தேவாலயத்துக்கும் அவர்களே வேலை செய்தார்கள். ராவுலு சாத்திம் என்ற கோவா பொற்கொல்லரை 1510களின் இறுதியில் போர்த்துகீசிய மன்னர் மனுவேல் லிஸ்பனுக்கே வரவழைத்திருக்கிறார்.

ஒற்றைக்கொம்பு விலங்கை அழகுக்காக மட்டும் பொறித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் கொம்பும் விஷத்தை முறிக்கும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. அந்தப் பெயரில் விற்றது உண்மையில் நார்வால் என்ற கடல் விலங்கின் தந்தம். விஷமுறிவுக் கல்லின் கூட்டில் விஷமுறிவு விலங்கு இருப்பது, தெரிந்தே செய்த பொருத்தமாக இருக்கலாம்.

## மருந்து வேலை செய்ததா?

பெசோவாருக்கு மட்டும் ஒரு சின்ன ஆதாரம் உண்டு. அதில் பிரஷைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம் இருக்கிறது. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட், வேதியியலில் பாஸ்பேட்டைப் போலவே நடந்துகொள்ளும். எனவே கனிமத்தில் பாஸ்பேட் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ள முடியும். கல்லை ஆர்சனிக் கலந்த பானத்தில் அமிழ்த்தினால் கொஞ்சம் விஷத்தை அது பிடித்துவைக்கும் என்பதே வாதம். பாதரச நஞ்சு குடித்த சமையல்காரருக்கு இது எந்த விதத்திலும் உதவியிருக்காது. கோவா கல்லில் பெசோவார் தூள் ஒரு பங்கு மட்டுமே. அதைச் சுரண்டிக் குடித்த அளவும் அற்பம். காய்ச்சல்காரருக்குக் கஸ்தூரி மணமும் தண்ணீரும் ஏதாவது ஆறுதல் தந்திருக்கும், அவ்வளவுதான்.

1759இல் போர்த்துகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையை வெளியேற்றியது. கோவா மருந்தகங்களும் அவர்கள் கையை விட்டுப் போயின. முள்ளம்பன்றிக் கல்லுக்கான சந்தை மட்டும் இன்னும் சாகவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் அதற்காகவே முள்ளம்பன்றிகள் வேட்டையாடப்படுகின்றன.

அருங்காட்சியகத்திலோ ஏல நிறுவனத்தின் படத்திலோ கோவா கல்லைப் பார்க்கும்போது, சிமிழை ரசித்த பிறகு உருண்டையின் மேல்பரப்பையும் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, தங்கப்பூச்சு போய், உள்ளிருக்கும் மண்நிறம் தெரிந்தால், யாரோ அதைச் சுரண்டிக் குடித்திருக்கிறார்கள். பூச்சு கலையாமல் முழு உருண்டையாக இருந்தால், வாங்கியவர் அதைச் சுரண்டிக் குடிக்கவே இல்லை.